ஒரு பகல் உட்கார ஓர் ஆள்

எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த நர்சு ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வயதானவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கப் புதிதாகத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்களாம். “அவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும் கலா சிஸ்டர். உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்” என்றாள்.

பாசிட்டிவாக எழுத அவர்களிடமே ஆள் இருப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி, “சாப்டீங்களா தாத்தா” என்று கேட்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு எடுத்து, ஆளுக்கொரு தொப்பியும் மாட்டி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. அதை எழுதினால் கோபமாகத்தான் வரும். வரட்டும். பிடித்தால் படிக்கக் கொடுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.

நான் நர்சிங் படித்ததும், பிரசவ வார்டிலும் ஆபரேஷன் வார்டிலும் பாதி வாழ்க்கையைக் கழித்ததும் பெரிய கதை இல்லை. எல்லா நர்சுக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது. ஐம்பது வயதை நெருங்கும்போது, வீடு வீடாகப் போகும் வண்டியில் என்னைப் போட்டார்கள். ஒரு டிரைவர், ஒரு பெட்டி நிறைய பஞ்சும் மருந்தும், எனக்கு மேல் ஒரு சிஸ்டர். அவர் பெயர் பிலோமினா. நான் வேலை கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான்.

பிலோமினா சிஸ்டருக்குக் கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. ஆனால் எந்த வீட்டிலும் நாற்காலியில் உட்கார மாட்டார். நாம் நுழைந்ததுமே நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், ஃபேனை நம் பக்கம் திருப்புவார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். படுக்கைப்புண் இருந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு தன் பையிலிருந்து தன் சோப்பை எடுத்துக்கொண்டு போய்க் கை கழுவுவார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், அவரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணிடம் திரும்பி, “நீ இன்னிக்கு எப்பம்மா சாப்ட? ராத்திரி எத்தினி வாட்டி எழுந்த?” என்று கேட்பார். “நான் கெடக்கறேன் மேடம், மாமனாரப் பாருங்க” என்பார்கள். “அவரு எங்கயும் எழுந்து போயிட மாட்டாரு. நீ சொல்லு” என்று பதில் வரும்வரை நிற்பார்.

அதற்குப் பிறகுதான் நோயாளி. குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, பின்மண்டை, இந்த வரிசையில் விரலால் அழுத்திப் பார்ப்பார். சிவந்திருந்தால் அங்கே பவுடர் போட்டுத் தேய்க்கிறவர்களைத் திட்டுவார். தேய்க்கத் தேய்க்கத் தோல் பிய்ந்துவிடும். நல்ல மனதோடு யாராவது வாங்கிக் கொடுத்திருக்கும் காற்றடைத்த ரப்பர் வளையத்தை உருவித் தூரப் போடுவார், அது புண்ணைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பழைய புடவையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தே எண்பது கிலோ ஆளை ஒற்றைப் பெண் எப்படி ஒருக்களிக்க வைக்கலாம் என்று செய்து காட்டுவார். கொதிக்க வைத்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, ஒற்றி எடுத்து, வாடை போக மாத்திரையைப் பொடித்துத் தூவுவார். வாய்க்கு எதைக் கொடுத்தாலும் தலையை உயர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், படுத்திருப்பவர் வாயில் ஒரு ஸ்பூன் பால் ஊற்றுவது நுரையீரலில் ஊற்றுவதற்குச் சமம் என்று எல்லா வீட்டிலும் சொல்வார். யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வண்டியில் இன்னொரு விதி இருந்தது. எந்த வீட்டிலும் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது. நாம் போவது அந்தப் பெண்ணின் பாரத்தைக் குறைக்க. நமக்கு அடுப்பு மூட்டி டீ போட வைத்துவிட்டு வந்தால் நாம் போகாமலே இருந்திருக்கலாம். ஒரு நாள் மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு காலனி வீட்டில் டீ நீட்டினார்கள். நான் விதிப்படி “வேணாங்க” என்றேன். நீட்டியவரின் முகம் சட்டென்று மாறிவிட்டது. “எங்க வூட்ல குடிக்க மாட்டீங்களா?” என்றார். பிலோமினா சிஸ்டர் அன்றுதான் முதல்முறையாக ஒரு வீட்டில் உட்கார்ந்தார். தரையில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, அந்த டீயை வாங்கி முழுசாகக் குடித்தார், இன்னொன்றும் கேட்டார்.

மறுநாள் வண்டியில் ஒரு பெரிய ஃப்ளாஸ்க் ஏறியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், அவர்கள் வீட்டு டம்ளர்களையே கேட்டு வாங்குவோம். நாங்கள் கொண்டுபோன டீயை முதலில் அந்தப் பெண்ணுக்கு ஊற்றி, பிறகு அதே வீட்டு டம்ளரில் எங்களுக்கும் ஊற்றிக் குடிப்போம். இதில் அவமானப்படுவதற்கு யாருக்கும் இடமில்லை, அடுப்பு மூட்டுவதற்கும் யாருக்கும் வேலையில்லை. உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடித்து மாசக்கணக்காகிறது என்று அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிலோமினா சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போனதும், எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வந்த ஒரு டிரஸ்டின் தலைவர் அந்த ஃப்ளாஸ்க்கை நிறுத்திவிட்டார். “ஆசையா குடுக்கறாங்க, வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்க” என்றார். யார் மனசு என்று கேட்டேன்.

அந்தத் தலைவர் வந்த பிறகு பார்த்த வீடுதான் செல்வியின் வீடு. அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டிய ஊர். செல்விக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஏழுமலை பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மாதம் ஒரு முறை வருவான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் கைக்குழந்தையோடு ஓசூரில். மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷமாகக் கட்டிலில். நாலு வருஷத்தில் அந்த மனிதர் முதுகில் ஒரு புண் கிடையாது. எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் எதுவும் இல்லை.

ஒரு நாள் நானும் அவளும் பெரியவரைத் திருப்பும்போது, செல்வி இடது கையை உடம்போடு ஒட்டாமல் தள்ளி வைத்துக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்தேன். உள்ளே கூட்டிப்போய் ரவிக்கையைக் கழற்றச் சொன்னேன். மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி, மேல் தோல் சுருங்கியிருந்தது.

“எத்தினி நாளா இருக்குது?”

“மல்லாட்ட புடுங்கறப்பவே இருந்துச்சு சிஸ்டர். சின்னதா.” வேர்க்கடலை அறுவடை முடிந்து மாதக்கணக்காகியிருந்தது.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவீங்க? ஆஸ்பத்திரிக்குப் போன்னுவீங்க. இவர யாரு பாத்துக்கறது?”

விழுப்புரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சோதித்துவிட்டு வர ஒரு முழுப்பகல் வேண்டும். அந்த ஒரு பகல் பெரியவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். இரண்டு முறை துணி மாற்றி, மூன்று முறை திருப்பிப் போட்டு, உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். ஒரு பெண்ணின் உயிர் அந்த ஒரு பகலில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரஸ்டின் தலைவரிடம் சொன்னேன். “கவலய விடுங்க சிஸ்டர், நம்ம டீமையே அனுப்பறேன்” என்றார். காலை ஆறரைக்கு ஒரே ஒரு ஆள் போதும் என்று சொல்லியிருந்தேன். ஒரு வேன் நிறைய ஆட்கள் பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. கூட ஒரு பேனர், ஆப்பிள், ஹார்லிக்ஸ், அந்தக் காற்று வளையம். பேனரைக் கட்டிலுக்குப் பின்னால் பிடித்து, பெரியவர் தலையை நிமிர்த்திப் படம் எடுத்தார்கள். செல்வி எல்லோருக்கும் காபி போட்டாள். வந்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்று மல்லாட்டையும் வேகவைத்தாள். மதியம் ஆனதால் சோறும் வடித்தாள். இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு, “ரூம்ல கொஞ்சம் வாட வருது, டெட்டால் போட்டு தொடைங்கம்மா” என்று அவளுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சாயந்தரம் போனபோது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“போகலையா?”

“வந்தவங்கள வுட்டுட்டு எப்டி சிஸ்டர் கெளம்பறது?”

நான் நேராகச் செஞ்சிக்கு வந்து அந்தத் தலைவரை அவர் கடை வாசலிலேயே வைத்துத் திட்டித் தீர்த்தேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. “சேவை செய்ய வந்தவங்கள இப்டியா பேசுவீங்க?” என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்து செல்வியின் நாத்தனார் வசந்தாவிடம் போனேன். செஞ்சியிலேயே குடியிருக்கிறாள், பெரியவரின் சொந்த மகள். ஞாயிறுதோறும் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு, தலைமாட்டில் தூசி, நகம் வெட்டவில்லை என்று குற்றம் கண்டுபிடித்துவிட்டு வருவாள். “எங்க நைனாவுக்குச் செய்ய எனக்குச் சொல்லணுமா சிஸ்டர்?” என்று ஒத்துக்கொண்டாள். சொன்னபடி வந்தாள், செல்வியும் பஸ் ஏறினாள். செல்வி விழுப்புரம் பஸ்ஸுக்காகச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே போன் வந்துவிட்டது. பெரியவர் படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டாராம். “பெத்த அப்பன் ஆம்பளயாச்சே, நான் எப்டி தொடச்சு வுடறது? நீ வா” என்றாளாம் வசந்தா. நாலு வருஷமாகத் துடைத்துவிட்ட செல்விக்கும் அவர் ஆம்பளைதானே என்று யாரும் கேட்கவில்லை. செல்வி அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

அவள் வந்து சேர்வதற்குள் வசந்தா இன்னொரு காரியமும் செய்திருந்தாள். நைனா வாய் காய்ந்து கிடக்கிறாரே என்று, படுக்க வைத்தபடியே இளநீரை வாயில் ஊற்றியிருந்தாள். அன்பில்தான் ஊற்றினாள், இல்லை என்று சொல்லமாட்டேன். அவருக்குப் புரையேறிவிட்டது. அடுத்த வாரம் நானே லீவு போட்டுவிட்டு வந்து உட்காருகிறேன் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டிப் பெரியவர் போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவை அடைத்துப் பந்தல், வாடகை நாற்காலி, மேளம். பஸ் பிடித்து, வேன் பிடித்து, கார் பிடித்து வந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவன் வீடியோ காலில் அழுதான். உயிரோடு இருந்த மனிதரிடம் ஒரு பகல் உட்கார ஆளில்லை, செத்துப்போனவரைச் சுற்றி விடிய விடிய உட்கார அத்தனை பேர். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு வசந்தா அழுதாள்.

சுடுகாட்டில் பால் தெளித்த மறுநாளே போய் நின்றேன். இனிமேல் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டியதில்லை, செல்வியை விழுப்புரம் கூட்டிப்போகிறேன் என்றேன். வசந்தா குறுக்கே வந்துவிட்டாள்.

“பதினாறு ஆவாம வூட்டு மருமவ வாசப்படி தாண்டலாமா? நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?”

“அவ மார்ல இருக்கறது புத்துநோயா இருக்கலாம்மா. பதினாறு நாளுன்னு அதுக்கிட்ட போய் சொல்லுவியா?”

“சாவு வூட்ல நின்னுக்குனு இன்னா பேச்சு பேசறாங்க பாரு” என்று நாலு பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். ஏழுமலை மொட்டைத் தலையோடு ஒரு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செல்வியைப் பார்த்தேன். “கருமாதி முடியட்டும் சிஸ்டர். துக்கம் கேக்க வர்றவங்களுக்கு யாரு ஆக்கிப் போடறது? ஊரு பேசும்” என்றாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், அவள் எழுந்திருக்கவில்லை.

பதினாறு முடிந்து, பிறகு ஏதோ ஒரு நல்ல நாள் பார்த்து அவள் விழுப்புரம் வந்தாள். கட்டியைப் பார்த்த டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னார். ஆபரேஷன் செய்தார்கள், முடி கொட்டும் மருந்தெல்லாம் ஏற்றினார்கள். ஒரு வருஷம்போல நடமாடினாள். பிறகு நோய் முதுகெலும்புக்குப் போய்க் கால் இரண்டும் விழுந்துவிட்டன. மாமனார் கிடந்த அதே கட்டிலில் செல்வி படுத்தாள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன்.

ஏழுமலை பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து அவளைப் பார்த்துக்கொண்டான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். புடவையை மடித்துப் போட்டு ஒருக்களிக்க வைப்பதை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன், சீக்கிரமே கற்றுக்கொண்டான். என் கோபம் ஊரின் மேல். “பொண்டாட்டிய என்னாமா பாத்துக்கறான் பாரு, இவன மாதிரி ஒருத்தன் பொறந்து வரணும்” என்று டீக்கடையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள். அவன் சமைக்கிறானாம், துணி அலசுகிறானாம். அவள் நாலு வருஷம் செய்ததை அவன் நாலு மாதம் செய்தான். அவள் செய்தபோது அது மருமகள் கடமை, அவன் செய்தபோது அது தியாகம்.

அந்தத் தியாகத்தைப் பாராட்டித்தான் டிரஸ்டில் விழா எடுத்தார்கள். செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சிறந்த பராமரிப்பாளர் என்று ஏழுமலைக்குப் பொன்னாடையும் கேடயமும். என்னையும் கூப்பிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏழுமலை மேடையில் கூனிக்குறுகி நின்றான். மைக்கைக் கொடுத்ததும், “நான் ஒண்ணும் பெருசா செய்யலீங்க. எங்க நைனாவ அவதான்...” என்று ஆரம்பித்தான். தலைவர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அறிவித்தார்.

கைதட்டும்போதுதான் முன்வரிசையில் ரேவதியைக் கவனித்தேன். டிரஸ்டின் தன்னார்வலர்களில் உருப்படியான ஒரே பெண். ஏழுமலை வெளியே போகிற நாட்களில் செல்வியோடு இருப்பவள் அவள்தான். குனிந்து அவள் தோளைத் தொட்டேன்.

“நீ இங்க இருக்க. செல்விகிட்ட யாரு?”

“வாலண்டியர்ஸ் எல்லாரும் கண்டிப்பா வரணும், குரூப் போட்டோ இருக்குதுன்னு தலைவர் சொன்னாரு சிஸ்டர். பக்கத்து வூட்டு அக்காவ பாக்கச் சொன்னேன்.”

அந்தப் பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை ரேவதி இருப்பாள் என்று நம்பி வந்திருக்கிறான். முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்வதன் அருமையைப் பேச மண்டபம் நிறையக் கூட்டம், பார்த்துக்கொள்ள வேண்டியவள் பக்கத்தில் ஓர் ஈ காக்கா இல்லை.

ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. செல்வி நனைந்த துணியில் கிடந்தாள். தண்ணீர்ச் சொம்பு ஜன்னல் மேல் இருந்தது, கை எட்டாது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், “ஃபங்ஷன் முடிஞ்சுதா சிஸ்டர்? அவரு ஏதாச்சும் பேசுனாரா?” என்றாள். நான் துணியை மாற்றி, இடுப்பைத் துடைத்து, ஒருக்களிக்க வைத்து, பிறகு தலையணைகளை அடுக்கி உயர்த்தி, ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வேன் வந்து நின்றது. செல்வியோடு ஒரு படம் எடுக்க எல்லோரும் வந்துவிட்டார்கள். பொன்னாடையோடு ஏழுமலை முன்னால், தலைவர் அவன் பக்கத்தில், பின்னால் மடித்த பேனர். நான் எழுந்துபோய் நிலைப்படியில் நின்றேன்.

“ஏழுமலை, நீ உள்ள போ. இன்னும் ஒரே ஒருத்தர் வரலாம். கைய கழுவினு வந்து, பொழுது சாயற வரைக்கும் உக்காரணும். மத்தவங்க கெளம்புங்க.”

“இன்னா சிஸ்டர், பாக்க வந்தவங்கள வாசல்லயே நிறுத்தறீங்க?” என்றார் தலைவர்.

“பாத்தாச்சு. கெளம்புங்க.”

ஏழுமலை தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். அவன் பின்னால் ரேவதி மட்டும் யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்று முணுமுணுத்துவிட்டு வேனில் ஏறினார்கள். நான் திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். செல்வி கண்ணை மூடியிருந்தாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் திறந்தாள்.

“அனுப்பிட்டீங்களா சிஸ்டர்? இன்னா சிஸ்டர் நீங்க. அவ்ளோ தூரம் வெயில்ல வந்தவங்க. ஒரு வாய் காபித்தண்ணி கூட குடுக்காம அனுப்பிட்டீங்களே.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் முதலில் அறையவேண்டும் போலிருந்தது. வாயைத் திற என்று சொல்லி, இன்னொரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன்.